கிழக்கு பார்த்த சரிவு

— சவளைக் கீழை வை பிள்ளை. நேற்றுத் தாலி ஏறின பொம்பிளை இண்டைக்குக் கூறைச் சீலையோடை ஸ்னோ அள்ளுறாள் எண்டு ஒஸ்லோ முழுக்கக் கதை வரப்போகுது.

— ஆர் மாமி கதைக்கிறது? இஞ்சை எங்கடை சனம் ஒருத்தரும் இல்லை. நீங்கள், நான், வீடியோ எடுக்க வந்த தில்லை அண்ணா. உங்கடை மகன் காருக்கை ஹீற்றரைப் போட்டுட்டு நித்திரை.

— அவன் பாவம். மூண்டு நாளாக் கண்ணோடை கண் மூடேல்லை. நீ அதை வை எண்டுறன்.

— மேடம், குறுக்க பேசுறேன்னு நினைக்காதீங்க. தை மாசத்து சூரியன் இங்க சும்மா எட்டிப் பாத்துட்டு ஓடிடும். லைட் போச்சுன்னா போச்சு. மலையடில இருக்கற அந்தக் குழிவுல ட்ரைபாட் போட்டுட்டேன், பூக்குடைய நட்டுட்டேன், கேமரா பெட்டியும் அங்கதான் இருக்கு. நீங்க ரெண்டு பேரும் போய் நின்னா போதும். சிம்பிள்.

— தில்லை அண்ணா, அங்கை நடக்கேக்கை ஏதோ சத்தம் கேட்டது எண்டு சொன்னனீங்கள். அதைத் திரும்ப ஒருக்கால் சொல்லுங்கோ.

— அதுவா? பெருசா ஒண்ணும் இல்லீங்க. குழிவுக்குள்ள போறப்போ 'தும்'னு ஒரு சத்தம். பெரிய மெத்தைல யாரோ தொப்னு உக்காந்த மாதிரி. கால் லேசா கீழ எறங்குச்சு. அவ்வளவுதான்.

— கோடு ஏதும் ஓடினதோ? வெடிப்பு மாதிரி?

— ஓடிச்சே. என் ஷூ பக்கத்துலேர்ந்து மலைய பாத்து நீளமா. நல்லாருக்குன்னு அதைக்கூட ஒரு ஷாட் எடுக்கலாம்னு நினைச்சேன்.

— நினைச்சது போதும். இனி அங்கை ஒருத்தரும் போறேல்லை.

— என்ன சொல்லுறாய் கஜா?

— மாமி, அந்தச் சரிவு விழலாம். ஸ்க்ரெட். பனிச்சரிவு.

— மெய்யே? அம்மருட் வீட்டிலையிருந்து விடியக் காலமை வெளிக்கிட்டு இவ்வளவு தூரம் ஓடி வந்தது உதைக் கேக்கவோ? நான் ஒஸ்லோவுக்குள்ளையே, ஹொல்மன்கொல்லனிலை நிண்டு ரெண்டு படம் எடுத்தாக் காணும் எண்டனான். இந்தத் தில்லைத் தம்பிதான் ஒஸ்லோ ஸ்னோ சேறாப் போச்சு, வெள்ளை வெளேரெண்டு இருக்கோணும் எண்டு இஞ்சை கொண்டுவந்து விட்டவர்.

— சேறுதாங்க அம்மா. நேத்து மண்டப வாசல்ல பாத்தீங்கல்ல? மாப்பிள்ளை வேட்டி முழங்கால் வரைக்கும் கறுப்பு.

— இடம் பாத்தது நான்தானே பிள்ளை. வந்து இறங்கினவுடனை சுத்திவரப் பாத்தனான். மற்ற எல்லா இடத்திலையும் காத்து ஆளைத் தூக்குது. சீலை நிக்காது, கொண்டை கலையும், மாலையிலை ஒரு பூ மிஞ்சாது. அந்தக் குழிவுக்கை மட்டும் ஒரு இலை அசையேல்லை. மலையை முதுகுக்கு வைச்சு நிண்டா நேர் கிழக்கு. பொம்பிளை மாப்பிள்ளை கிழக்குப் பாத்து நிக்கோணும். இதிலை என்ன பிழை?

— நீங்கள் பாத்ததிலை பிழை இல்லை மாமி. ஆனா முந்தநாள் இரவு முழுக்க எந்தப் பக்கத்துக் காத்து அடிச்சது?

— எனக்கென்ன தெரியும்? நான் பலகாரம் சுட்டுக்கொண்டு இருந்தனான்.

— இஞ்சை ஊதினது மேற்கை இருந்து. உங்கடை பாசையிலை கச்சான். அது அங்காலைப் பக்கத்து ஸ்னோவை எல்லாம் வழிச்செடுத்து, முகட்டைத் தாண்டி இஞ்சாலை கிழக்குப் பக்கத்திலை கொட்டியிருக்கு. காத்து இல்லாத இடம் எண்டு நீங்கள் பாத்தது, காத்து கொண்டுவந்து மூட்டை இறக்கின இடம்.

— இறக்கினா இறக்கட்டும். ஸ்னோ எண்டா மலையிலை இருக்கத்தானே செய்யும். விழுறதெண்டா முந்தநாளே விழுந்திருக்கும்.

— அதுக்கு அடியிலை என்ன இருக்கு எண்டு பாக்கோணும். அதுக்குத்தான் சவள்.

— என்ரை கடவுளே. சப்பாத்துக்கை ஸ்னோ போகப்போகுது.

— போகாது. நீங்கள் தந்த சப்பாத்து நல்ல உயரம். அளவும் சரியா இருக்கு. என்னெண்டு மாமி அளவு தெரியும்?

— கலியாணச் செருப்பு வாங்கேக்கை முப்பத்தெட்டு எண்டனி. கம்பளிச் சொக்ஸோடை போடுறதெண்டபடியா முப்பத்தொன்பதா எடுத்தனான். கடையிலை மலிவாக் கிடந்தது. சும்மா கதையை மாத்தாதை. நான் ஒண்டு கேக்கிறன், நேராச் சொல்லு. உந்த ஹம்மர்பெஸ்ட் வேலைக்கு நாளைக்கு மறுமொழி சொல்லோணும் எண்டனியெல்லோ?

— ஓம்.

— என்ன சொல்லப் போறாய்?

— இன்னும்... யோசிக்கேல்லை மாமி.

— ம். வேறை?

— வேறை ஒண்டும் இல்லை.

— ரோட்டுக்கு மேலை இருக்கிற மலையிலை ஏறி ஸ்னோவைத் தோண்டிப் பாக்கிற வேலை. ஒரு பொம்பிளைப்பிள்ளைக்கு உது தேவையோ எண்டு நான் சம்பந்தம் பேசேக்கையே சொன்னனான். எனக்கு இருக்கிறது ஒரே ஒரு மகன். அவனையும் இழுத்துக்கொண்டு வடக்கை போயிட்டாயெண்டா நான் அம்மருட்டிலை ஒம்பதாம் மாடியிலை சுவரோடை கதைச்சுக்கொண்டு இருக்கிறதோ? இப்ப, எனக்குக் காட்டத்தானே உந்தத் தோண்டல்? இது பெரிய வேலை மாமி எண்டு காட்ட.

— இல்லை. சத்தியமா இல்லை. வேலை கிடக்கட்டும், மாமி. தில்லை அண்ணாவின்ரை காலுக்குக் கீழை அந்தச் சத்தம் கேட்டிருக்காட்டி நானும் பேசாமல் போய் நிண்டிருப்பன். எனக்கும் நல்ல படம் வேணும்.

— மேடம், ஒரு சந்தேகம். நான் அங்க போய் ட்ரைபாட் நட்டுட்டு, மெதுவா நடந்து திரும்பி வந்துட்டேன். ஒண்ணும் ஆகலையே.

— உங்கடை நல்ல காலம் அண்ணா.

— ஆனா அந்தப் பெட்டிய விட்டுட்டுப் போக முடியாதுங்க. பெரிய கேமரா. வாரத்துல அஞ்சு நாள் ஆபீஸ்ல கம்ப்யூட்டர் தட்டி, அதுல வாங்கினது. அதுகூடப் பரவாயில்லை. நேத்து எடுத்த டேப்பு எல்லாம் அதுக்குள்ள இருக்கு.

— எந்த டேப்?

— முகூர்த்த டேப்பும்மா. தாலி கட்டினது. ஒரே காப்பிதான். ராத்திரி வீட்டுக்குப் போய் இறக்கணும்னு நினைச்சேன், தூங்கிட்டேன்.

— ஐயோ தம்பி. தாலி கட்டின கசெற்றை ஆரும் கொண்டுபோய் மலையடியிலை வைப்பினமோ? அதைத்தான் ஊரிலை என்ரை அக்காவுக்கு அனுப்போணும். கனடாவிலை தம்பி பாத்துக்கொண்டு இருக்கிறான். விசா கிடைக்காமல் சொந்தத்திலை ஒருத்தரும் வரேல்லை. நான் ஒருத்தியா நிண்டு நடத்தின கலியாணம், அந்தக் கசெற்றும் இல்லையெண்டா ஆருக்கு எதைக் காட்டுறது?

— மாமி, தாலி என்ரை கழுத்திலை இருக்கு. கட்டினவர் காருக்கை இருக்கிறார். ரெண்டும் பத்திரம். கசெற்று கிடக்கட்டும்.

— உனக்கு லேசு. ரிஷி. ரிஷி, எழும்படா. கண்ணாடியை இறக்கு. அங்கை குழிவுக்கை கமராப் பெட்டி இருக்கு. ஓடிப்போய் அதை மட்டும் எடுத்துக்கொண்டு வா.

— ரிஷி, போகாதையுங்கோ. ரிஷி.

— போவான். நான் சொன்னாப் போவான்.

— மாமி, ஏன் உப்பிடிச் செய்யிறீங்கள்?

— ஒரு பெட்டி எடுக்கிற நேரம். மலை அதுவரைக்கும் பொறுக்காதோ?

— ரிஷி, திரும்புங்கோ. அவர் கையைக் காட்டிப்போட்டு நடக்கிறார், பாருங்கோ. அம்மா சொல்லுறா எண்டு சைகை வேறை.

— சத்தம் போடாதை பிள்ளை. சத்தத்துக்குத்தான் ஸ்னோ விழுமெண்டு சொல்லுறவை.

— அது சும்மா கதை. சத்தத்துக்கு விழாது. பாரத்துக்குத்தான் விழும். ஒரு ஆளின்ரை பாரம் காணும். அங்கை தனிய ஒரு மரம் நிக்குது, தெரியுதோ மாமி? அதைத் தாண்டினா மலை வந்து சேருற இடம். அந்த மரத்துக்கு இஞ்சாலை நிக்கிற வரைக்கும் பயம் இல்லை. ஸ்னோ முழங்கால் ஆழம், வேட்டியோடை மெல்லத்தான் போவார். இஞ்சை வாங்கோ. இந்த மேட்டடிக்கு வாங்கோ.

— என்னத்துக்கு?

— நான் சொன்னா அவர் திரும்பமாட்டார். நீங்கள் கூப்பிடோணும். நான் சொல்லி நீங்கள் நம்பமாட்டீங்கள், அதாலை உங்கடை கையாலை தொட்டுப் பாருங்கோ. இந்த மேடு ஆளுயரம்கூட இல்லை. விழுந்தாலும் எங்களை ஒண்டும் செய்யாது. ஆனா அந்த மலை பாக்கிற அதே பக்கம் பாக்குது. அதே காத்து, அதே ஸ்னோ. தில்லை அண்ணா, கேக் வெட்டின கத்தி உங்களிட்டைத்தானே?

— ரிப்பன் கட்டினதுங்களா? பையில இருக்கு. இந்தாங்க.

— நீங்கள் கதைச்சுக்கொண்டு நிக்கேக்கையே நான் நிலம் வரைக்கும் தோண்டிட்டன். இந்தச் சுவரைப் பாருங்கோ மாமி. மேலை இருக்கிறதைக் குத்துங்கோ. விரலாலை.

— போகுதில்லையே. பலகை மாதிரி.

— அதுதான் காத்து கொண்டுவந்து அடிச்சு இறுக்கின ஸ்னோ. இப்ப அடியிலை, நிலத்தோடை இருக்கிறதை ஒரு பிடி அள்ளுங்கோ. கையுறையைக் கழட்டிப்போட்டு.

— குளிருது.

— அள்ளுங்கோ மாமி.

— இதென்ன, சீனி மாதிரிக் கொரகொரக்குது. ஒவ்வொண்டும் தனித்தனியா மினுங்குது. இது எந்த ஸ்னோ?

— மார்கழியிலை விழுந்தது. கொஞ்சமாத்தான் விழுந்தது, பிறகு கடுங்குளிர். கீழை நிலத்துச் சூடு, மேலை குளிர். நடுவிலை கிடந்து கிடந்து உப்பிடி மணியாப் போயிட்டுது. பொத்திப் பிடியுங்கோ. உருண்டை பிடிபடுதோ?

— பிடிபடேல்லை. விரலுக்காலை ஓடுது. புட்டுக்குக் குழைச்ச மா எண்டா பிடிச்சாப் பிடிபடோணும். இது வறுத்த ரவை மாதிரியெல்லோ கொட்டுண்ணுது.

— ஓம்.

— இதுக்கு மேலையோ அந்தப் பலகை நிக்குது?

— ஓம் மாமி.

— ரவைக்கு மேலை பலகையை வைச்சுச் சரிச்சுப் பிடிச்சா...

— அதைத்தான் பாக்கப்போறன். கத்தியாலை ரெண்டு பக்கமும் வெட்டி ஒரு தூண் மாதிரி விடுறன். பின்னுக்கும் வெட்டிப்போட்டு, மேலை சவளை வைச்சுக் கையாலை மெல்லத் தட்டுவன். எத்தினை தட்டுக்கு வழுக்குது எண்டு பாத்தா மலையின்ரை நிலைமை தெரியும். கனக்கத் தட்டியும் நிண்டா நல்லது. கொஞ்சத்திலை...

— மேடம். என்னது, தானா வந்துடுச்சு?

— இன்னும் தட்டவே இல்லை. பின்பக்கம் வெட்டி முடியேல்லை.

— முழுப் பலகையும் வழுக்கிக்கொண்டு வந்து என்ரை காலடியிலையெல்லோ விழுந்திட்டுது. கஜா. பிள்ளை. அவன் எங்கை?

— மரத்துக்குக் கிட்டப் போயிட்டார். கூப்பிடுங்கோ.

— சத்தத்துக்கு...

— விழாது. நான் பொறுப்பு. உங்களாலை ஏலுமான அளவுக்குக் கத்துங்கோ.

— ரிஷீ. எட ரிஷிகேசா. நில். நில்லடா. பெட்டியும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். திரும்படா.

— வந்த அடியிலையே கால் வைச்சு வரச்சொல்லுங்கோ. குறுக்காலை வரவேண்டாம்.

— வந்த அடியிலை வா. அம்மாவாணை, ஒரு அடி அங்காலை வைச்சாயெண்டா நான் பிறகு மனிசி இல்லை.

— யப்பா. அம்மா, இந்தத் தொண்டை இருக்கறப்போ நேத்து மண்டபத்துல எதுக்கு மைக்குக்குத் தனியா வாடகை குடுத்தீங்க?

— வாறான். வாறான் பிள்ளை. திரும்பிட்டான்.

— ஓம் மாமி. இனிப் பயம் இல்லை. கையைத் தாங்கோ, விறைச்சுப்போச்சு.

— இந்தா, நல்லாத் தேய்ச்சு விடு.

— அம்மா, மாப்பிள்ளை கோவமா வர்றாரு. நான் நைசா கார் பக்கம் போயிடுறேன்.

— கோவிக்கட்டும். ரிஷி, ஒண்டும் கேளாதை. வேட்டியை உதறு, போய் காருக்கை இரு. பிறகு சொல்லுறன். போ எண்டுறன்.

— நன்றி மாமி.

— நன்றி கிடக்கட்டும். இப்ப பார், கஜா. இவ்வளவு நேரமாச்சு. அங்கை ஒண்டும் விழேல்லை. குடை நிக்குது. பெட்டியும் வைச்ச இடத்திலையே இருக்குது. மலை வாயைத் திறக்கேல்லை.

— ஓம்.

— விழாமல் விட்டாலும் விட்டிடுமோ?

— விடலாம். இண்டைக்கு விழாது, நாளைக்கு இறுகிடும், ஒண்டுமே நடக்காமலும் போகலாம். விழும் எண்டு நான் சொல்லேல்லை மாமி. விழலாம் எண்டுதான் சொன்னனான்.

— அப்ப இவ்வளவு படிச்சும் விழுமோ விழாதோ எண்டு உனக்குத் தெரியாது.

— தெரியாது. எந்தப் பக்கம் நிக்கக்கூடாது எண்டு தெரியும். படிச்சது அவ்வளவுதான்.

— ம். வீட்டை போனவுடனை அவன் கேப்பான், என்னத்துக்கம்மா கத்தினனீங்கள் எண்டு. ஒண்டும் நடக்கேல்லையே எண்டு சிரிப்பான்.

— சிரிக்கட்டும். அவர் வீட்டை இருந்து சிரிக்கிறது எனக்குக் காணும்.

— உதை நீ சொன்ன விதம் நல்லாயிருக்கு. சரி, தில்லைத் தம்பி, வெளிக்கிடுவம். படமும் இல்லை, கசெற்றும் இல்லை. பின்னேரம் விருந்துக்கு வாற ஆக்களுக்குச் சமைக்கவும் இல்லை.

— அம்மா, "வெளிக்கிடுவம்"னா கிளம்பலாம்னுதானே அர்த்தம்? அஞ்சு வருஷம் ஆச்சு, இன்னும் ஒவ்வொரு தடவையும் மனசுக்குள்ள ஒரு செக் பண்ணிக்கறேன். கிளம்ப வேணாம்மா. சின்ன கேமரா கையிலதான் இருக்கு. புது டேப்பு இருக்கு. மேடம், பயம் இல்லாத இடம் எதுன்னு நீங்களே சொல்லுங்க. நான் அங்க எடுத்துத் தர்றேன்.

— அந்த மொட்டை மேடு. மலையிலையிருந்து விலகி, வெளியிலை நிக்குதே, அது. அதிலை ஸ்னோவே கொஞ்சம்தான். காத்து எல்லாத்தையும் வழிச்சுக்கொண்டு போயிட்டுது.

— அங்கையோ? சீலை பறந்து ஒஸ்லோவுக்கே போயிடும். கொண்டை?

— பறக்கட்டும் மாமி.

— கிழக்கு?

— அங்கையும் கிழக்கு இருக்கு மாமி. கிழக்கு எல்லா இடத்திலையும் இருக்கு.

— வாய். சரி, நட. ரிஷி, இறங்கி வா. தலைப்பாகையை இறுக்கிக் கட்டு. இண்டைக்குப் பொம்பிளை சொல்லுற இடத்திலைதான் நிக்கிறது. ஓம், நான்தான் சொல்லுறன். நீ என்ன முழுசுறாய்?

— ஆங், அப்படியே. சார், கொஞ்சம் இந்தப் பக்கம். மேடம், முந்தானைய பிடிக்காதீங்க. விடுங்க. விட்டுடுங்க. ஐயோ, என்னங்க இது, சிவப்பு பட்டு அப்படியே கொடி மாதிரி நிக்குது. குழிவுல எடுத்திருந்தா பொம்மை மாதிரி நின்னிருப்பீங்க. அம்மா, வந்து பாருங்க இதுல.

— கொண்டை போச்சு.

— போனா என்னம்மா. முகத்தப் பாருங்க.

— ஓம்... வடிவாத்தான் இருக்கிறாள். ரெண்டு பேரும் நல்ல வடிவு. என்ரை கண்ணே பட்டிடும். பின்னுக்கு அந்த மலையும் தெரியுது என்ன?

— முழுசாத் தெரியுதும்மா. சார், அவங்க காதுல ஏதாவது சொல்லுங்க. சிரிக்கட்டும். சூப்பர். அப்படியே... அப்படியே... மேடம். மேடம், பின்னாடி.

— என்ன?

— மேல. முகட்டுல கறுப்பா ஒரு கோடு. நீளுது. மேடம், அது ஓடுது.

— ஒருத்தரும் அசையாதையுங்கோ. இஞ்சை வராது. தில்லை அண்ணா, கமராவை நிப்பாட்டாதையுங்கோ.

— முருகா. முழு மலையும் எழும்பி வருகுது. கஜா, முழு மலையும்.

— என்ரை கையைப் பிடியுங்கோ மாமி. ரிஷி, அம்மாவை மற்றப் பக்கம் பிடியுங்கோ. இஞ்சை தூசு மட்டும்தான் வரும். கண்ணை மூடுங்கோ.

— ...

— இருக்கிறீங்களோ எல்லாரும்?

— இருக்கேங்க. வாய் நிறைய ஸ்னோ.

— முடிஞ்சுது மாமி. கண்ணைத் திறவுங்கோ.

— குடை எங்கை? அந்தக் குழிவு எங்கை? வீட்டளவு கட்டியெல்லாம் கிடக்குது. குழிவு எண்டு ஒரு இடமே இல்லையே.

— அம்மா, அந்த மரம் நிக்குது. மேடம், நீங்க சொன்ன மரம். அது வரைக்கும் வந்து, அங்கயே நின்னுடுச்சு. கோடு போட்ட மாதிரி.

— ரிஷி அந்த மரத்தடியிலைதானே நிண்டவன். இன்னும் நாலடி வைச்சிருந்தா... நான் அனுப்பினனான் பிள்ளை. என்ரை வாயாலை நான் அனுப்பினனான்.

— நீங்கள்தான் திருப்பிக் கூப்பிட்டனீங்கள் மாமி. உங்கடை குரலுக்குத்தான் அவர் நிண்டவர்.

— இரு, நான் கொஞ்சம் இருக்கிறன். ஸ்னோவெண்டாலும் பறவாயில்லை. ரிஷி, இஞ்சை வா. கிட்ட வா. முகத்தைக் காட்டு. ம். சரி. என்ரை கையை இறுக்கிப் பிடிக்கிறான், பாத்தியோ? சின்னனிலையும் பயந்தா உப்பிடித்தான்.

— தில்லை அண்ணா, உங்கடை பெட்டி...

— பெட்டிய விடுங்க மேடம். தண்ணி புகாத பெட்டிதான். பனி உருகினதும் வந்து தேடுவோம். கிடைச்சா கிடைக்கட்டும். இதப் பாருங்க, இந்தச் சின்னதுல என்ன விழுந்திருக்குன்னு. நீங்க ரெண்டு பேரும் முன்னாடி, புடவை பறக்குது, சார் தலைப்பாகைய ஒரு கையால பிடிச்சுக்கிட்டு நிக்கறாரு. பின்னாடி ஒரு மலையே எறங்குது. நீங்க திரும்பிக்கூடப் பாக்காம எல்லாரையும் அசையாம நிக்கச் சொல்றீங்க. இப்படி ஒரு கல்யாண வீடியோ இந்த உலகத்துல எவன்கிட்டயும் இல்லைங்க. எழுதித் தர்றேன்.

— அதிலை நான் கத்தினதும் இருக்கோ?

— முருகான்னது தெளிவா இருக்கும்மா.

— அப்ப அதைத்தான் அக்காவுக்கு அனுப்புறது. தாலி கட்டினதை எல்லா வீட்டுக் கசெற்றிலையும் பாக்கலாம். என்ரை மருமகள் மலையை மறிச்சதை ஆர் பாத்திருக்கினம்? விருந்துக்கு வாற எல்லாருக்கும் ரீவியிலை போட்டுக் காட்டப்போறன். இவள் மலையிலை திரியிறவளாமே எண்டு நேற்றுப் பந்தியிலை இருந்து புறுபுறுத்ததுகள் முன்வரிசையிலை வந்து இருக்கட்டும்.

— மாமி, நான் மறிக்கேல்லை. விலத்தி நிண்டனான், அவ்வளவுதான்.

— நீ சும்மா இரு. இப்பதான் எனக்குப் பெருமையா இருக்கு. சொல்ல விடு. கூறைச் சீலையோடை குழி தோண்டி, கேக் கத்தியாலை ஸ்னோவை வெட்டி என்ரை பிள்ளையைத் தந்திட்டாய். நான் அவனை உனக்குத் தந்தது நேற்று. நீ எனக்குத் திருப்பித் தந்தது இண்டைக்கு. என்ன, அழுகிறியோ?

— காத்து மாமி.

— ம். காத்துத்தான். வேறை?

— மாமி, உங்களுக்கு ஒண்டு சொல்லோணும். இனியும் சொல்லாமல் இருக்க ஏலாது.

— சொல்லு.

— ஹம்மர்பெஸ்டுக்கு நாளைக்கு மறுமொழி சொல்லத் தேவையில்லை. நான் போன கிழமையே ஓம் எண்டு சொல்லிப்போட்டன். கலியாணத்துக்கு முதலே. ரிஷிக்குத் தெரியும். அங்கை காஸ் தொழிற்சாலை வேலைக்கு எலெக்ரிசியன் தேடுகினம், தானும் வாறன் எண்டவர். உங்களையும் கூட்டிக்கொண்டு போகோணும் எண்டு ரெண்டு அறை வீடு பாக்கச் சொன்னனாங்கள். உங்களுக்குச் சொல்லத்தான் ரெண்டு பேருக்கும் துணிவு வரேல்லை. கோவிக்காதையுங்கோ.

— தெரியும்.

— என்ன?

— எனக்குத் தெரியும் எண்டுறன்.

— ரிஷி சொன்னவரோ?

— அவனோ? அவன் பயந்தாங்கொள்ளி. இனி உன்ரை வீட்டு போன் நம்பர் அம்மருட் நம்பர்தான், எல்லாருக்கும் அதைக் குடு எண்டு உனக்குச் சொன்னது ஆர்?

— நீங்கள்.

— அப்ப பேந்தென்ன. பொன்னுருக்கின அண்டைக்கு, வீடு நிறையச் சனம், பொன்னை நெருப்பிலை வைக்கிற நேரம் பாத்து போன் அடிச்சுது. ஹம்மர்பெஸ்டிலையிருந்து ஒரு நோர்வேக்கார மனிசி. உன்ரை கைபேசிக்கு அடிச்சாவாம், நீ எடுக்கேல்லையாம். அண்டையிலை இருந்து நீ வாயைத் திறப்பாய் திறப்பாய் எண்டு நான் பாத்துக்கொண்டு இருக்கிறன்.

— நாலு நாளாத் தெரிஞ்சுகொண்டோ மாமி இண்டைக்கு என்னோடை அந்தச் சண்டை பிடிச்சனீங்கள்? அவ என்னத்துக்கு எடுத்தவ? நீங்கள் என்ன சொன்னனீங்கள்?

— வேலைக்கு வாற உனக்கு மலைச் சப்பாத்து வாங்கப்போகினமாம், கால் அளவு கேட்டவ. முப்பத்தெட்டு, ஆனா என்ரை மருமகள் கம்பளிச் சொக்ஸோடை போடுறவள், முப்பத்தொன்பதா வாங்கி வையுங்கோ எண்டு சொல்லிப்போட்டு, போனை வைச்சிட்டுத்தான் வந்து உனக்குத் தாலிக்குப் பொன்னுருக்கினனான்.